இரண்டாவது குடம் எதைக் குறிக்கிறது?

என் அக்காவைத் தேர்வு மையத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கை" என்பார்கள். "கை வந்தாச்சா?", "மூணாம் ரூமுக்கு ஒரு கை அனுப்புங்க" என்று நடைவழியில் குரல் கேட்கும். கண் தெரியாதவர்கள், இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்கள், பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்தவர்கள் தேர்வுக்கு வந்தால், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருவது அவள் வேலை. அந்த வேலைக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அது சுற்றறிக்கையோடு சரி. ஒருநாள் மதியம் சாப்பாடு கொடுக்கப் போனபோது இந்தக் "கை" என் காதில் விழுந்தது. மனுஷியைக் கூப்பிடுகிற லட்சணமா இது என்று வாசலிலேயே சண்டைக்கு நின்றேன். அக்கா என்னை ஓரமாக இழுத்துப்போய், வாய் அவர்களுடையது, கை என்னுடையது, சரியாகத்தானே சொல்கிறார்கள் என்றாள். அவளுக்கு எதிலும் ரோஷம் வராது. அவள் பங்கையும் சேர்த்து எனக்கு வரும்.

இந்த வேலைக்கு ஒரு விசித்திரமான தகுதி வேண்டும். எழுதித் தருகிறவர், தேர்வுக்கு வந்தவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். அதிகம் படித்தவர் என்றால் தன் சரக்கை நடுவில் நுழைத்துவிடுவாரோ என்று பயம். அக்கா பள்ளிக்கூடத்தோடு நின்றவள். அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும் என்றபோது அவள் இருந்தாள், நான் படித்தேன். படிக்காததற்காகவே வேலை கிடைத்த ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் அவள்தான். அவள் கை சட்டம் எழுதியிருக்கிறது, வரலாறு எழுதியிருக்கிறது, பொருளாதாரத்தில் இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை முதல் வகுப்பில் தேறியிருக்கிறது. பட்டமெல்லாம் வேறு யார் யார் வீட்டுச் சுவரிலோ மாட்டியிருக்கிறது.

விதிகள் கறாரானவை. சொன்னதை எழுத வேண்டும், சொல்லாததை எழுதக் கூடாது. நிலா சூரியனைவிடப் பெரியது என்று ஒருவர் சொன்னால் அதையும் முத்து முத்தாக எழுதிக் கொடுக்க வேண்டும். பெருமூச்சுகூட விடக் கூடாது. கண் தெரியாதவருக்குப் பெருமூச்சும் ஒரு குறிப்புதான். ஒவ்வொரு விடையும் முடிந்ததும் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும், அடிக்கச் சொன்னதை அடிக்க வேண்டும். எழுதுகிறவர் தன் சொல் ஒன்றைச் சேர்த்துவிட்டார் என்று தெரிந்தால் அந்தத் தாள் செல்லாது, அவருக்கும் அன்றோடு வேலை போயிற்று. இத்தனை வருஷத்தில் அக்கா ஒரு சொல்கூடச் சேர்த்ததில்லை.

அந்தப் பழக்கம் வீடுவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் எதுவானாலும் சரி என்பாள். துணி எடுக்கப் போனால் கடைக்காரர் விரித்துப் போட்ட முதல் துணியே நன்றாக இருக்கிறது என்பாள். நாள் முழுக்க அடுத்தவர் வார்த்தையை எழுதிவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் தன் வார்த்தை ஒன்றைத் தேடி எடுக்கத் தெம்பு இருப்பதில்லை. மேல்மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம், கீழே அவள் தனியாக. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் பேசியே தீர வேண்டிய வேலை. அதனால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேச்சையும் நானே பேசிவிடுகிறேன்.

அவள் தனியாக இருப்பதற்குக் காரணம் என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். வெளிநாட்டில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் மோட்டார் பழுதுபார்க்கிறார். வீடு கட்ட என்று போனார். வீடு எழும்பியது. பிறகு மகள் படிப்புக்கு என்று இருந்தார். அவள் படித்து முடித்து, கல்யாணமும் ஆகி, தன் குடித்தனத்தைப் பார்க்கப் போய்விட்டாள். இப்போது எதற்காக இருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். வார விடுமுறையில் போன் பண்ணும்போது, "இன்னும் ரெண்டு வருஷம் போட்டுடவா? நீ என்ன சொல்றே?" என்று கேட்பார். அக்கா, "உங்க இஷ்டம்" என்பாள். அதோடு அடுத்த இரண்டு வருஷம் முடிவாகிவிடும்.

தெருவில் அவளுக்கு ஏக பெயர். எப்படித்தான் இத்தனை வருஷம் காத்திருக்கிறாளோ, மனசில் எவ்வளவு ஏக்கமோ, வாய் திறந்து ஒரு குறை சொன்னதுண்டா என்பார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை நேராகச் சொல்லித் தொலையேன் என்று எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவருக்குத் தெரியாதா என்பாள். தெரிந்தால் ஏன் கேட்கிறார் என்று கேட்டால் துணி மடிக்கப் போய்விடுவாள்.

இந்த வருஷமும் ஒப்பந்தம் முடியும் மாதம் வந்தது. மாமா அடுத்த போனில் கேட்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அக்காவுக்கு வயது ஏறிவிட்டது. நடுவிரலில் பேனா அழுத்திய இடம் காய்த்துக் கல்லாகிவிட்டது, மணிக்கட்டில் வலிக்கு எப்போதும் ஒரு துணிப்பட்டை. அந்த வாரம் சோறு சரியாக இறங்கவில்லை. என்ன செய்கிறது என்றேன். அசதியாக இருக்கிறது என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே எனக்கு அதிசயம். மறுநாளே கடையிலிருந்து சத்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். என் புத்தி அதற்குமேல் ஓடவில்லை.

இனி ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். எத்தனை அரசு மாறினாலும் பாடத்திட்டத்தை விட்டுப் போகாத பாட்டு அது. மிகப் பழையது. எழுதியவர் யாரென்று தெரியாது. ஒரு பெண் தினமும் கிணற்றடிக்கு இரண்டு குடம் எடுத்துப் போகிறாள். வீட்டில் இருப்பது அவள் ஒருத்தி, அவள் கணவன் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. இரண்டு குடத்தையும் நிரப்புகிறாள். ஒன்றை இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். இன்னொன்றைத் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றிவிட்டு வீட்டுக்கு நடக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. இதற்கு வருஷம் தவறாமல் ஒரு கேள்வி: இரண்டாவது குடம் எதைக் குறிக்கிறது? பாட்டின் மையக்கருத்தோடு பொருத்தி விளக்குக.

விடை கைடில் தயாராக இருக்கிறது. கிணறு நினைவு, நீர் அன்பு, இரண்டாவது குடம் அவன் வருவான் என்ற நம்பிக்கை, மையக்கருத்து ஏக்கம். அக்கா இதை எத்தனை வாய்க்கு எழுதியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. கொஞ்சம் துணிச்சலான ஒரு பெண் மட்டும், கிணறுதான் அவன், கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு ஆழத்தில் பேசாமல் கிடக்கிறான் என்று சொன்னாளாம். அக்கா அதையும் முகம் மாறாமல் எழுதினாள். மொண்ட தண்ணீரை யாராவது கொட்டுவார்களா, நாலு துணியாவது அலசக் கூடாதா என்பது என் கட்சி. நான் தேர்வு எழுதிய காலத்தில் இதற்கு எனக்கு அரை மதிப்பெண்தான் விழுந்தது.

அந்த வாரம் அக்காவுக்கு வந்த வாய், ஒரு ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டர். என் கடைக்கு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரிதான். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதிலேயே பார்வை போனவர். குரலை வைத்தே ஆளை எடைபோடுவார். நான் வாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும், இன்று யாரோடு சண்டை என்று கேட்பார். ஆஸ்பத்திரி நிர்வாகம் கை மாறி, டெலிபோனுக்குப் பதிவு செய்த குரலை வைக்கப் போகிறார்கள். பட்டம் உள்ள ஆபரேட்டருக்கு விசாரணைப் பிரிவில் இடம் உண்டு, இல்லாதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் மற்ற பாடமெல்லாம் முடித்துவிட்டார். தமிழ்த்தாளில் மட்டும் இரண்டு முறை தோற்றுவிட்டார். இந்த முறையும் போனால் வேலையும் போகும். வாயைத் திறந்தால் வாழ்நாளெல்லாம் தமிழ், அதில் போய்த் தோற்கிறேனே என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அன்று அறையில் நடந்ததை அக்கா சொன்னாள், தன் பக்கத்தை ஆபரேட்டர் பிறகு கடைக்கு வந்தபோது சொன்னார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அறையில் மூன்று பேர். இவர்கள் இருவர், கண்காணிப்பாளராக ஒரு ஆசிரியை. ஆசிரியை சன்னலோரம் உட்கார்ந்து விடைத்தாள் கட்டுவதற்கான நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் மற்ற கேள்விகளை வேகமாக முடித்துவிட்டுக் குடத்துக்கு வந்தார். "அவள் இரண்டாவது குடத்து நீரைத் திரும்பக் கிணற்றில் ஊற்றுகிறாள். ஏனென்றால்" என்று சொல்லி நின்றார். கைடில் இருந்த வரி மறந்துபோயிற்று. மேசையை விரலால் தட்டியபடி யோசித்தார்.

ஆள் யோசிக்கும்போது பேனா காகிதத்துக்குமேல் காத்திருக்க வேண்டும். அக்காவின் பேனா எத்தனையோ பேரின் மறதிக்குப் பக்கத்தில் அப்படிக் காத்து நின்றிருக்கிறது. ஆனால் தேர்ந்த கைக்கு ஒரு ஆபத்து உண்டு. ஒரே விடையை நூறு வாய் சொல்லிக் கேட்டபின், வாய் தொடங்கும்போதே கைக்கு முடிவு தெரிந்துவிடும். வேண்டுமென்றே பிடித்து நிறுத்தினால்தான் நிற்கும். அன்று அவள் அசந்துபோயிருந்தாள், பிடிக்கவில்லை. கை எழுதியது. கைடில் இருக்கிற வரியையாவது எழுதித் தொலைத்திருக்கலாம், அதையும் எழுதவில்லை. இதற்குள் ஆபரேட்டருக்கு வேறொரு குறிப்பு நினைவுக்கு வர, பாட்டின் நடையழகைப் பற்றி மளமளவென்று சொல்லி முடித்தார். அக்கா அதையும் எழுதினாள்.

பிறகு திரும்ப வாசிக்கத் தொடங்கினாள். வாசிப்பதற்கென்று அவளுக்கு ஏற்ற இறக்கமில்லாத குரல் ஒன்று உண்டு. அந்தக் குரலிலேயே வாசித்தாள்: "அவள் இரண்டாவது குடத்து நீரைத் திரும்பக் கிணற்றில் ஊற்றுகிறாள். ஏனென்றால் அவளுக்குக் கை வலிக்கிறது. அவள் காத்திருக்கவில்லை. மொண்டது போதும் என்று யாரும் சொல்லாததால் மொள்கிறாள். இந்தப் பாட்டின் மையக்கருத்து ஏக்கம் இல்லை, அசதி."

அந்தக் கடைசிச் சொல்லை வாசித்த பிறகுதான் அது யாருடையது என்று அவளுக்கு உறைத்தது. ஆபரேட்டரின் விரல் மேசையில் தட்டுவதை நிறுத்தியிருந்தது. சன்னலோரம் ஆசிரியை நிமிர்ந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அவர் தாள் செல்லாது, அவர் வேலை போகும், இவள் வேலையும் போகும். சொல்லாவிட்டால், இத்தனை வருஷம் காப்பாற்றி வந்த ஒன்று போகும். அவள் வாயைத் திறப்பதற்குள் ஆபரேட்டர் முந்திக்கொண்டார். ஒண்ணுமில்லை மேடம், ஒரு இடத்தில் உளறிவிட்டேன், அடிக்கச் சொல்கிறேன் என்றார். ஆசிரியை திரும்ப நூலுக்குப் போய்விட்டார்.

அவர் அக்கா பக்கம் குனிந்து, குரலைத் தணித்துச் சொன்னார்: "உண்மைதாம்மா. ஆனா எனக்குப் பாஸாகணும். அடிச்சிடுங்க."

அக்கா அடித்தாள். அளவுகோல் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு. அதற்குள் அவருக்குக் கைடு முழுசாக நினைவுக்கு வந்துவிட்டது. கிணறு நினைவு, நீர் அன்பு, இரண்டாவது குடம் நம்பிக்கை, மையக்கருத்து ஏக்கம் என்று தெளிவாகச் சொன்னார். அக்கா அதையும் எழுதி, திரும்ப வாசித்து, தாளைக் கட்டிக் கொடுத்தாள். மனிதர் தேறிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. விசாரணைப் பிரிவில் இப்போது அவருக்கு ஒரு மேசை உண்டு. யாருக்காவது மனசு அடித்துக்கொண்டிருந்தால் ஆறட்டும் என்றுதான் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தேர்வு முடிந்து வாசல்வரை அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். மன்னிச்சிடுங்க சார் என்று சொல்ல அவளுக்கு வாசல் வரைக்கும் ஆயிற்று. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த விடையை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றாள். அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னார்.

"நாள் முழுக்க 'லைன்ல இருங்க, லைன்ல இருங்க'ன்னு சொல்றேன். அந்தப் பக்கம் எடுக்க ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும், கூப்பிட்டவங்களுக்குத் தெரியாது. போதும், வைக்கிறேன்னு ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னு இருக்கும். சொல்ல மாட்டாங்க. வைங்கன்னு நானும் சொல்லக் கூடாது. ரெண்டு பேருமா சும்மா பிடிச்சிக்கிட்டு இருப்போம்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மணிக்கட்டுக்குத் தைலம் தடவிவிட்டேன். தடவும்போதுதான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் ஒரு முழு விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. கேட்டுவிட்டு எனக்கு அழுகை வந்தது. ஏக்கம் ஏக்கம் என்று தெருவே அவளைக் கொண்டாடியதே, ஒருவராவது அவளைக் கேட்டோமா? நானும்தான் அவளைக் கேட்காமல், அவளுக்காக மாமா மேல் பாய்ந்துகொண்டிருந்தேன். இந்த முறை சொல்லப் போகிறாயா என்றேன். ஆமாம் என்றாள். என்ன சொல்வாய் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. நான் கேட்டால் அவளுக்குப் பதிலாக நானே விடை சொல்லிவிடுவேன்.

வார விடுமுறை அன்று காலையில் மாமா போன் பண்ணினார். கை வலிக்கிறது என்று அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், அதனால் பேச்சு எனக்கும் கேட்டது. நான் மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே குளிர் எப்படி என்று சொன்னார், மகள் போன் பண்ணினாளா என்று கேட்டார், குழாய் ரிப்பேர் ஆகிவிட்டதா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறையிலும் மனிதர் கிடங்கில்தான் இருந்தார். ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் அவர் கேட்கவே இல்லை. அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளே பேசினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போதுங்க, வந்துடுங்க. எனக்கு அசதியா இருக்கு. நீங்க வருவீங்கன்னு இருக்கறதும் அசதியா இருக்கு, வரமாட்டீங்கன்னு இருக்கறதும் அசதியா இருக்கு."

உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் மாமாவின் குரல் வந்தது. அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

"நேத்தே இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே. உன்னைக் கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்ல. எப்பவும் சொல்றதைத்தானே நீ சொல்லப் போறேன்னு, நானே..."

முடிக்காமல் விட்டுவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி நிறுத்தினாள். அவள் அழவில்லை. கோபமாகக்கூட இல்லை. போனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"சரி, போட்டுட்டீங்க. ஆனா இந்தத் தடவை அதை நான் சொல்லல. 'உங்க இஷ்டம்'னு என் வாயால சொல்லல. நீங்களா எழுதிக்கிட்டீங்க."

மாமா போனை வைக்கவில்லை. அக்காவும் வைக்கவில்லை. மோட்டார் சத்தத்துக்கு நடுவில் மாமா, "ஆமா, நீ சொல்லல" என்றார்.